இருபத்து மூன்று அப்பாக்களின் மூத்த மகன்

பெயர்: பெட்சாரா சிப்ரியான். பால்: ஆண். பிறந்த ஆண்டு: 1938. தாய்: ரசோவா, சமையல் வேலை. தந்தை: தெரியவில்லை. இனம்: பெட்சிமிசாரகா. மதம்: கத்தோலிக்கம். தொழில்: மிதவை ஓட்டுபவர். அறிந்த மொழிகள்: மலகாசி, கொஞ்சம் பிரெஞ்சு.

அம்பினானி நகர அலுவலகம் கொடுத்த அட்டை இது. இதில் பிழை என்று எதையும் விரல் வைத்துக் காட்ட முடியாது. சட்டப்படி எல்லாம் சரி. ஆளைத்தான் அதில் காணோம்.

தந்தை தெரியவில்லை என்று எழுதிய எழுத்தர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை ஜன்னல் வழியே பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். அலுவலகத்துக்கு நேர் எதிரே லியோங் ஃபாட்டின் பலசரக்குக் கடை. கடை வாசலில் லியோங் ஃபாட். லியோங் ஃபாட்டின் முகத்தில் முதலில் கண்ணில் படுவது அவருடைய முறக்காதுகள். அதே காதுகளோடு ஒரு குழந்தையை ரசோவா பதிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள்.

லியோங் ஃபாட் கெட்டவர் அல்லர். தென்சீனத்து ஷுன்டாக்கிலிருந்து இருபது வயதில் மடகாஸ்கரின் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்து இறங்கியவர். ஊரில் அவருடைய அப்பா ஒரு பெண்ணைப் பேசி முடித்துவைத்திருந்தார். போர் வந்து கப்பல் நின்றது. பெண் வந்து சேர 1947 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் சமையலுக்கு வந்த ரசோவாவுக்குப் பிள்ளை பிறந்தது. வரப்போகிற மனைவியை எண்ணி அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மாதம் தவறாமல் ரசோவா வீட்டு வாசலில் ஒரு மூட்டை அரிசி இறங்கியது. அரிசிக்குக் கையெழுத்து தேவையில்லை.

ரசோவா அங்கிருந்து விலகி, ரொட்டிக்கடை வைத்திருந்த சான் கீயிடம் வேலைக்குப் போனாள். பையன் ரொட்டி அடுப்புக்குப் பின்னால் வளர்ந்தான். அவனுக்கு முதலில் வந்த மொழி, கடைக்காரர்கள் பேசிய சீன மொழியான கன்டோனீஸ். மலகாசியில் சண்டை போடுவான், பிரெஞ்சில் ஜெபம் சொல்லுவான், பசித்தால் கன்டோனீஸில் கேட்பான். அட்டையில் மொழிகளைக் கேட்டு எழுதிய அதிகாரி அவனுக்குப் பசித்த நேரத்தில் கேட்கவில்லை.

இனி ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஷுன்டாக்காரர்கள் செத்தவர் முகத்தை வீட்டுத் தண்ணீரில் கழுவ மாட்டார்கள். மூத்த மகன் வெள்ளை உடுத்தி, மண்கலயத்தோடு ஆற்றுக்குப் போக வேண்டும். ஊதுபத்தி ஏற்றி, ஆற்றில் ஒரு காசைப் போட்டு, தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். ஒரே முறைதான் மொள்ளலாம், குறைந்தாலும் அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து புதுத் துணியால் அப்பாவின் முகத்தை மூன்று முறை துடைத்தால், அவர் கடனில்லாத முகத்தோடு முன்னோர் வரிசையில் போய் நிற்பார். தண்ணீர் வாங்காமல் போனவர், தரித்திர முகத்தோடு அங்கே வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

கடல் தாண்டி வந்தவர்களில் பாதிப் பேர் கட்டைப் பிரம்மச்சாரிகள். அவர்களுக்கு மகன் எங்கே போவது?

1958-இல் ஆ மூக் செத்தார். ஊர்ச் சீனர் எல்லாருக்கும் சவப்பெட்டி செய்து கொடுத்த தச்சர். தன்னுடையதையும் பத்து ஆண்டு முன்பே செய்து அதில் அரிசி கொட்டி வைத்திருந்தார். பெட்டி தயார், மகன் இல்லை. சீனர் சங்கக் கூடத்தில் பதினொரு கடைக்காரர்களும் கூடினார்கள். மகன் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அப்பா உயிரோடு இருக்கிற ஒருவன் தண்ணீர் வாங்கினால், தன் அப்பாவைத் தானே சாகச் சொன்னதாக ஆகிவிடும். அதனால் அவரவர் மகனை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார்கள். அப்பா இல்லாத ஒருவன் வேண்டும். அவனுக்குக் கன்டோனீஸும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, இருபது வயது சிப்ரியான் ரொட்டிக் கூடையோடு உள்ளே வந்தான்.

சங்கத் தலைவர் சான் கீதான். அவனை மேலும் கீழும் பார்த்தார். "டேய், உனக்கு அப்பன் இருக்கானா?"

மூன்றாவது நாற்காலியில் லியோங் ஃபாட் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"காகிதத்துல இல்ல," என்றான் சிப்ரியான்.

எல்லோரும் லியோங் ஃபாட்டைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவனுடைய அப்பா உயிரோடு இருக்கிறார், இவன் தண்ணீர் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் எந்த அப்பா என்று சொல்லியாக வேண்டும். அவர் கோப்பையை நிரப்பிக்கொண்டார். அதைச் சங்கம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

வழக்கப்படி தலைவர் பிணத்தின் முன் கலயத்தை நீட்டி, மூத்த மகன் யார் என்று உரக்கக் கேட்க வேண்டும். கேட்டார். நான் என்றான் சிப்ரியான், தெருவுக்குக் கேட்கும்படி. ஆற்றுக்குப் போய்க் காசைப் போட்டு, தண்ணீர் வாங்கி, ஆ மூக்கின் முகத்தைத் துடைத்தான். அப்பா தெரியாதவன் என்று அரசாங்கம் கொடுத்த சான்றுதான், பின்னால் வந்த முப்பத்து மூன்று ஆண்டுகளும் அவனை இந்தப் பதவிக்குத் தகுதியாக வைத்திருந்தது.

முதல் முறை ஒரு பிழை நேர்ந்தது. காலையில் ரொட்டி கொடுத்து முடித்த பிறகு, சில மாதங்களாக அவன் மிதவையிலும் வேலை பார்த்துவந்தான். ஆற்றுக்கு இன்றைக்கும் பாலம் கிடையாது. கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்து இழுத்து, லாரியையும் மாட்டையும் மணப்பெண்ணையும் ஒரே மிதவையில் கடத்துவார்கள். மிதவைக்காரர்கள் தண்ணீர் மொள்ளும்போது நீரோட்டத்துக்கு எதிராகத்தான் மொள்ளுவார்கள். கை அப்படிப் பழகிவிட்டது. ஆ மூக்குக்கும் அப்படியே மொண்டான். கரையில் நின்ற பெண்கள் கூட்டத்தில் லியோங் ஃபாட்டின் மனைவி இருந்தாள். ஊரில் அவளை மதாம் லியோங் என்போம். ஒரு பெட்டித் துணியோடும் ஒரு பஞ்சாங்கத்தோடும் கப்பலிலிருந்து இறங்கியவள். வழக்கத்தில் ஒரு நூல் பிசகினாலும் அவள் கண் அங்கே போய் நிற்கும். அவள் சிப்ரியானிடம் நேராகப் பேசியது கிடையாது. பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரர் மனைவியிடம், அவன் காதில் விழும்படி சொன்னாள்: "அந்தப் பையன் ஓட்டத்துக்கு எதிரா மொள்றான். செத்தவர் பாதி வழியில திரும்பி வந்துடுவாரு."

அடுத்த சாவில் சிப்ரியான் ஓட்டத்தோடு மொண்டான். அதற்கடுத்த சாவில் அவள், பையனுடைய வெள்ளைத் துணி கணுக்காலுக்கு மேலே நிற்கிறதே என்று காற்றிடம் சொன்னாள். அதற்கடுத்த முறை கணுக்காலை மூடியது. இப்படியே முப்பது ஆண்டுக்கு மேல் அவளுக்கும் அவனுக்கும் இடையில் மூன்றாம் மனிதர் வழியாக ஒரு பேச்சு நடந்தது. வழக்கத்தைத் தவிர வேறு எதுவும் அதில் பேசப்படவில்லை.

அவனை அவர் என்று எழுத வேண்டிய வயது வந்தபோது, சிப்ரியான் ஒன்பது பேருக்கு மூத்த மகனாகியிருந்தார். அட்டைப்படி அநாதை, ஆனால் அவரைப் போல அப்பா உள்ள மனிதன் இந்தக் கரையிலேயே கிடையாது. ஏப்ரலில் கல்லறை துடைக்கும் நாளில், ஒன்பது அப்பாக்களின் மேட்டிலும் புல் செதுக்கி, வெள்ளைக் காகிதம் செருகி, அவித்த கோழியும் ஆரஞ்சும் வைத்துக் கும்பிடுவார். பிறகு கோழி வீட்டுக்கு வரும்.

அவருடைய மனைவி சோலின் பெட்சிமிசாரகாக்காரி, வாய் நீளம். "உங்க அப்பாங்க ரொம்ப நல்லவங்க. வாசனையை மட்டும் எடுத்துக்கிட்டுக் கறியை விட்டுடறாங்க," என்பாள். வெள்ளைத் துணி சலவைக்கு வந்தால், "இன்னைக்கு எந்த அப்பா?" என்று மட்டும் கேட்பாள். வேறு வீட்டில் கேட்டால் அடி விழும் கேள்வி. இந்த வீட்டில் அதற்குப் பெயர் சொல்லிப் பதில் வரும்.

பங்குச் சாமியாருக்கு இது பிடிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பிடித்துக்கொண்டார். சிப்ரியான் அவரிடம் நிதானமாகச் சொன்ன பதில் ஊரில் இன்றும் பேச்சில் இருக்கிறது. "அப்பாவுக்கு மரியாதை செய்யணும்னு கட்டளை இருக்கு சாமி. மத்தவங்களுக்கு ஒருத்தர்தான், சீக்கிரம் முடிஞ்சுடுது. எனக்குப் பதினாலு." சாமியார் அடுத்த ஞாயிறு வேறு கட்டளையைப் பற்றிப் பேசினார்.

1972-இல் ஆட்சி மாறிய பிறகு கடைகள் ஒவ்வொன்றாக மூடின. பிள்ளைகள் பிரான்சுக்கும் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனுக்கும் போனார்கள். கிழவர்கள் மட்டும் தங்கினார்கள், கிழவர்களும் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீர் கேட்டார்கள். சங்கக் கூடத்துச் சாவி கடைசியில் சிப்ரியான் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. பெரிய வாளோடு நிற்கும் சிவந்த முகத்துக் குவான் கோங் சாமிக்கு ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் ஊதுபத்தி ஏற்றியவர் அவர். ஹாங்காங்கிலிருந்து பஞ்சாங்கம் வரவழைத்து, வெளியூர் போன குடும்பங்களுக்கு இந்த ஆண்டு நிலாத் திருவிழா எந்தத் தேதி என்று எழுதிப் போட்டவரும் அவர்தான். பாரிசிலும் ரெயூனியோனிலும் பிறந்த லியோங், சான், வோங் பேரன்களுக்குச் சீனப் புத்தாண்டு எப்போது என்று சொன்னவர், அட்டையில் பெட்சிமிசாரகா இனத்தவர்.

இருபத்திரண்டு சாவுக்கும் லியோங் ஃபாட் வந்தார். ஒவ்வொரு முறையும் ஆற்றங்கரையில் அதே புளியமரத்தடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சாத்திரப்படி பார்த்தால் அவர் இருபத்திரண்டு முறை செத்திருக்க வேண்டும். சான் கீ அவரை இதைச் சொல்லியே சீண்டுவார்: "ஒவ்வொரு தடவை அவன் தண்ணி வாங்கும்போதும் உனக்கு ஒரு சுத்து சதை போடுது ஃபாட்." லியோங் ஃபாட் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

சிப்ரியானுக்கு வேண்டியிருந்தது என்ன? ஒரே ஒரு முறைதான் அவர் வாய்விட்டுச் சொல்லி, மிதவையில் அவரோடு வேலை பார்த்த நான் கேட்டிருக்கிறேன், அதுவும் நாங்கள் இருவரும் கம்பிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தபோது. மூத்த மகன் யாரென்று கேட்டதற்கு இருபத்திரண்டு முறை நான் என்று சொல்லியிருக்கிறேன், இருபத்திரண்டும் பொய், சாவதற்குள் ஒரு தடவை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, மசகு டப்பாவை இந்தப் பக்கம் தள்ளு என்றார்.

1991 ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எழுபத்தொன்பது வயதில் லியோங் ஃபாட் காலமானார்.

மதாம் லியோங் உடனே ரெயூனியோனுக்குத் தந்தி அடித்தாள். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான் அவளுடைய ஒரே மகன் வின்சான். மழைக்காலம். விமானம் பிடித்துத் தமதாவ் நகருக்கு வந்து, அங்கிருந்து சேற்று ரோட்டில் காரில் வர இரண்டு நாளாகும். மீன் வியாபாரியிடம் ஐஸ்கட்டி வாங்கி உடலைச் சுற்றி அடுக்கினார்கள். வியாழன் நண்பகலுக்கு மேல் தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

செவ்வாய் மாலையே சான் கீ மிதவைத் துறைக்கு வந்தார். எண்பது வயதில், கைத்தடியோடு, சேற்றில் மிதித்து வந்தார்.

"தயாரா இரு சிப்ரியான். வின்சான் வந்து சேரலைன்னா நீ வழக்கம் போல."

"வழக்கம் போலன்னா?"

"வழக்கம் போலத்தான்."

"மதாம் சொன்னாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன்."

சிப்ரியான் கம்பியைப் பார்த்தபடி சொன்னார். "இருபத்திரண்டு பேருக்கு வழக்கம் போல வந்தேன் தலைவரே. இந்த ஒருத்தருக்கு வழக்கம் போல வர முடியாது."

"அப்ப எப்படி வருவ?"

சிப்ரியான் மிதவையைக் கரையோடு கட்டத் தொடங்கினார். சான் கீ கைத்தடியை ஊன்றித் திரும்பிப் போனார்.

புதன் முழுக்க எதிரே வடகரையில் ஒரு வண்டியும் வரவில்லை. வியாழன் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கரையில் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. சேறு அப்பிய வாடகைக் கார். அதிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கிக் கையை ஆட்டினார். சோலின் காலைக் கஞ்சியோடு துறைக்கு வந்திருந்தாள். அவளும் பார்த்தாள்.

"கம்பி அறுந்து போச்சுன்னு கை காட்டுங்க," என்றாள். "மத்தியானம் வரைக்கும் போதும். அப்புறம் கட்டிடலாம்."

அவர் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"ஒரு பாவமும் இல்ல. ஆறு பெருகியிருக்கு, அறுந்தா யாரு கேக்கப் போறாங்க? இருபத்திரண்டு பேருக்குப் புள்ளையா இருந்தீங்க. உங்க சொந்த அப்பனுக்கு இருக்கக் கூடாதா?"

இந்த இடத்தில் சோலின் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். சிப்ரியான் கஞ்சியை ஒரே மடக்கில் குடித்துக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தார். "கம்பி நல்லாத்தான் இருக்கு. நான்தான மசகு போடறேன்," என்று சொல்லிவிட்டு மிதவையை அவிழ்த்தார். எதற்குப் பெருமைப்பட வேண்டும் என்பதில் அவருக்குச் சில விசித்திரமான கணக்குகள் உண்டு. முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு முறைகூடப் பொய் சொல்லிப் பயணியைக் காக்கவைத்ததில்லை என்பது அவற்றில் ஒன்று.

அக்கரையில் கார் மிதவையில் ஏறியது. திரும்பும்போது வின்சான் காருக்குள் உட்காராமல் அவர் பக்கத்தில் வந்து நின்றார். பன்னிரண்டு வயதில் ஊரை விட்டுப் போனவர். வயது இப்போது நாற்பத்திரண்டு. அவருக்கு அம்மாவின் முகம். காதுகள் சின்னவை.

"சிப்ரியான் நீங்கதானே?"

"ஆமா."

"தண்ணி வாங்கணுமாமே. அம்மா தந்தியில அதை மட்டும்தான் எழுதியிருந்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

சிப்ரியான் கம்பியை இழுத்தபடியே சொன்னார். காசை முதலில் போட வேண்டும். ஓட்டத்தோடு மொள்ள வேண்டும். ஒரே முறை. திரும்பி நடக்கும்போது ஆற்றைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று முறை துடைக்க வேண்டும். எதையும் மறைக்கவில்லை, எதையும் குறைக்கவில்லை. வின்சான் பாடம் கேட்பதுபோல உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நடு ஆற்றில் வின்சான் கேட்டார். "இங்க எல்லாருக்கும் நீங்கதான் வாங்குவீங்களாமே?"

"புள்ளை இல்லாதவங்களுக்கு."

"அப்பா எனக்குக் கடிதம் போடுவாரு. இன்னாருக்கு இன்னைக்குத் தண்ணி வாங்கியாச்சு, ரொம்ப முறையா நடந்ததுன்னு. ஒவ்வொரு தடவையும் எழுதுவாரு. யாரு வாங்கினாங்கன்னு மட்டும் எழுத மாட்டாரு."

கம்பியில் சிப்ரியானின் கை நின்றது. மிதவை ஒரு பக்கமாக இழுபட்டது. பிறகு மறுபடி இழுக்கத் தொடங்கினார்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

வின்சான் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர், பார்ப்பதுதான் தொழில்.

பதினொரு மணிக்கு லியோங் ஃபாட்டின் கடை முன்னறையில் ஊரே நின்றது. மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களை ஒதுக்கி, நடுவில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மதாம் லியோங், நிமிர்ந்த முதுகோடு. சிப்ரியான் உள்ளே வரவில்லை. துவைத்த சட்டையோடு வாசல் தூணருகே, சாமான் வாங்க வந்தவர்கள் நிற்கிற இடத்தில் நின்றார். கடைக்குள் அவர் அதற்கு மேலே வந்ததே கிடையாது.

மதாம் தன் கையாலேயே வின்சானுக்கு வெள்ளை உடுத்தினாள். தலையில் சணல் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இதில் ஒரு முறை இருக்கிறது. இந்த ஊர்ச் சீனரிடம் மூத்த மகனுக்கு முடிச்சு நெற்றியில் வரும். இளையவர்களுக்குப் பின்தலையில் வரும். வெளியாள் யாருக்கும் இது கண்ணில் படாது. மலகாசிக்காரர்கள் கவனிக்கவில்லை. வின்சானுக்கே தெரியாது.

சான் கீ கலயத்தோடு முன்னால் வந்தவர், வின்சானின் தலையைப் பார்த்து நின்றுவிட்டார். முடிச்சு பின்னால் இருந்தது.

கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தார். குனிந்து அவள் காதில் சொன்னார். "மதாம், முடிச்சு."

"முடிச்சு சரியாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

தூணருகே சிப்ரியானும் பார்த்துவிட்டிருந்தார். பார்த்ததை நம்பாமல், ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி பார்த்தார்.

சான் கீக்கு வேறு வழியில்லை. கலயத்தை நீட்டி உரக்கக் கேட்டார், மூத்த மகன் யார் என்று. வின்சான் வாயைத் திறக்கவில்லை. மதாம் லியோங்கின் மடியில் இன்னொரு சணல் துணி மடித்து இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வாசல்ல நிக்கிறவனைக் கேளுங்க."

சான் கீ திரும்பிக் கேட்டார். இருபத்திரண்டு முறை தெருவுக்குக் கேட்கும்படி பதில் சொன்ன மனிதனுக்கு இப்போது குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சான் கீ விடவில்லை; வழக்கம் என்றால் வழக்கம்தான், காதில் விழ வேண்டும். இன்னொரு முறை கேட்டார்.

"நான்தான்," என்றார் சிப்ரியான்.

"அப்ப அங்க ஏன் நிக்கிற?" என்றாள் மதாம். நாற்பத்து நான்கு ஆண்டில் அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். "தண்ணி யாரு வாங்கறது?"

அவர் உள்ளே வந்து அவள் முன் மண்டியிட்டார். அவள் துணியை அவர் தலையில் சுற்றி, அந்த இரண்டு காதுகளுக்கும் மேலாக இழுத்து, நெற்றியில் முடிச்சுப் போட்டாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கு மதாம்."

"இருக்கட்டும்."

வின்சான் நகர்ந்து, அவருக்குப் பின்னால் இளையவன் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றார். அந்த இடத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை.

பல மாதங்கள் கழித்து ரொட்டிக்கடைக்காரர் மனைவி மதாமிடம் கேட்டாளாம், இத்தனை காலம் பேசாமல் இருந்துவிட்டு அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று. மன்னித்தேன் என்றோ மனம் மாறினேன் என்றோ அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தைகளெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. "தப்பா செய்ய எனக்குத் தெரியாது," என்றாளாம். நகர அலுவலகத்தில் தந்தை தெரியவில்லை என்ற அந்த ஒரு வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யாரும் போய்த் திருத்தச் சொல்லவில்லை, சிப்ரியானும் சொல்லவில்லை.

அன்று ஆறு பழுப்பாகப் பெருகி ஓடியது. கரையில் மலகாசிக்காரர்களும், மூன்று வீட்டுச் சீனர்களும், பங்குச் சாமியாரும் நின்றார்கள். சோலின் எல்லாருக்கும் முன்னால் நின்று அழுதாள். யாராவது தள்ளி நிற்கச் சொன்னால் அவர்களைத் திட்டிவிட்டு மறுபடி அழுதாள். சிப்ரியான் முழங்கால் ஆழத்தில் இறங்கினார். காசைப் போட்டார். ஓட்டத்தோடு ஒரு முறை மொண்டார். ஆற்றைத் திரும்பிப் பார்க்காமல் கரையேறி நடந்து, கடைக்குள் போய், தன் அப்பாவின் முகத்தை மூன்று முறை துடைத்தார்.